பேஸ்மேக்கர் வைத்த பிறகு கையை அசைக்கலாமா? எதற்குப் பயப்படுவது, எதை விட்டுவிடுவது?

ஜனவரி 11, காலை (கேள்வி)

இதயத்தைத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் கருவியை மார்பில் வைத்த பக்கத்துக் கையை ஆறு வாரத்துக்கு அசைக்கவே கூடாது, அசைத்தால் இதயத்துக்குப் போகும் ஒயர் கழன்றுவிடும் என்று ஒரு சாரார். அதெல்லாம் ஒன்றும் ஆகாது, வழக்கம்போல இருங்கள் என்று இன்னொரு சாரார். டிஸ்சார்ஜ் தாளிலோ "கையை உயர்த்த வேண்டாம்" என்று ஒரே ஒரு வரி. எது சரி? தூக்கத்தில் கை தானாகத் தலைக்கு மேல் போய்விட்டால் என்ன செய்வது? இருமல், தும்மலில் ஒயர் இழுபடுமா? விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் துடிப்பு 60-க்குக் கீழே காட்டினால் கருவி நின்றுவிட்டது என்று அர்த்தமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

ஜனவரி 11, இரவு

முதலில் கை. "அசைக்கவே கூடாது" என்பது தவறு. கையை மார்போடு கட்டிப்போட்டது போல வைத்திருந்தால் சில வாரங்களிலேயே தோள்மூட்டு இறுகிப்போகும். அந்த இறுக்கம் விட மாதக்கணக்கில் ஆகும். லீட் (நீங்கள் சொல்லும் ஒயர்) விலகுவது நூற்றில் சிலருக்கு நடப்பது. பயத்தால் தோள் இறுகுவது அதைவிட எளிதாக வரவழைத்துக்கொள்ளக்கூடியது.

பொதுவாகச் சொல்லப்படும் அளவு இது: 4 முதல் 6 வாரம் வரை முழங்கை தோள் மட்டத்துக்கு மேலே போகக்கூடாது. அந்தக் கையால் 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கவோ, தள்ளவோ, வெடுக்கென்று இழுக்கவோ கூடாது. உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அவர் சொன்னதே செல்லும்.

தோளுக்குக் கீழே எல்லாம் செய்யலாம். சாப்பிடலாம், பல் தேய்க்கலாம், எழுதலாம், முன்பக்கம் பொத்தான் உள்ள சட்டை போடலாம். சட்டை போடும்போது வைத்த பக்கத்துக் கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். தலைவழியாக மாட்டும் பனியனைச் சில வாரம் ஒதுக்கிவையுங்கள். தலை சீவ மற்றக் கை.

ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை இதைச் செய்யுங்கள்: மேசையில் மற்றக் கையை ஊன்றி லேசாகக் குனிந்து, வைத்த பக்கத்துக் கையைத் தளரத் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் பத்துத் தடவை, சின்ன வட்டமாகப் பத்துத் தடவை ஆட்டுங்கள். பிறகு நிமிர்ந்து நின்று தோளை மட்டும் காது நோக்கி ஏற்றி இறக்குங்கள். முழங்கையையும் மணிக்கட்டையும் மடக்கி நீட்டுங்கள். வலி வருகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஸ்லிங் (கையைத் தாங்கும் கழுத்துப் பட்டை) கொடுத்திருந்தால் முதல் ஓரிரு நாளுக்கும் இரவுத் தூக்கத்துக்கும் அது போதும். பகல் முழுக்க வாரக்கணக்கில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

ஜனவரி 12

தும்மல் விஷயம் நேற்று விட்டுப்போயிற்று. லீட் வைக்கும்போது அதை இழுத்துப் பிடித்த கயிறாக வைப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது இதயம் கீழே இறங்கும், எழுந்து நின்றால் இன்னும் இறங்கும். அதற்கெல்லாம் இடம் கொடுத்து, உள்ளே கொஞ்சம் தொய்வு விட்டுத்தான் பொருத்துவார்கள். எக்ஸ்ரே படத்தில் பார்த்தால் அந்த வளைவு நன்றாகத் தெரியும்; இதயத்தின் மேலறையில் உள்ள லீட் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். லீட்டின் நுனியில் இதயத் தசைக்குள் திருகி ஏறும் மிகச் சின்னச் சுருள் இருக்கும், அல்லது தசைநார்களுக்கிடையே சிக்கிக்கொள்ளும் முட்கள் இருக்கும். இந்தப் பக்கம், காரை எலும்புக்குக் கீழே, ரப்பர் உறை போட்டு மார்புத் தசையோடு நூலால் கட்டியிருப்பார்கள். ஆக, இரண்டு முனையிலும் பிடிப்பு இருக்கிறது, நடுவில் தொய்வும் இருக்கிறது. தாராளமாகத் தும்முங்கள், இருமுங்கள். காயத்தில் சுருக்கென்று வலித்தால் ஒரு சின்னத் தலையணையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டு இருமலாம்.

தூக்கத்தில் கை மேலே போவதும் அப்படித்தான். ஒரு தடவை போனதால் லீட் பிடுங்கிக்கொண்டு வராது. தடை போடுவது, திரும்பத் திரும்ப வேகமாக வீசுவதற்கும் பாரம் ஏற்றி உயர்த்துவதற்கும். எழுந்து பார்த்தால் கை தலைக்கு மேல் கிடக்கிறதா? மெதுவாக இறக்கிவிட்டு வேலையைப் பாருங்கள். பிறகு பழைய மயக்கம் திரும்பினாலோ, வயிறு துள்ளினாலோ மட்டும் சொல்லுங்கள்.

ஜனவரி 14

காயத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் கையைவிட, துடிப்பின் எண்ணிக்கையைவிட, கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் அதுதான்.

முதல் வாரம் நனைக்க வேண்டாம். கரையும் தையலா, எடுக்க வேண்டிய தையலா, பசையா என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். எப்போது குளிக்கலாம் என்பது அதைப் பொறுத்தது. பவுடர், களிம்பு, எண்ணெய், மஞ்சள் எதுவும் மேலே படக்கூடாது. மேலே ஒட்டிய பட்டைகள் தானாக உதிரட்டும். நீச்சலும் தொட்டிக் குளியலும் காயம் முழுக்க மூடி, மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான்.

நீலம் பாய்ந்திருந்தால் பதற வேண்டாம். கசிந்த ரத்தம் கீழே இறங்கும். அதனால் நாலைந்து நாள் கழித்து மார்பு, அக்குள், மேற்கை வரை நீலமாகி, பிறகு பச்சை மஞ்சளாக மாறி மறையும். இப்படிப் பரவும் நிறம் வேறு, கருவி இருக்கும் பை கட்டியாகப் புடைத்து, தோல் இழுபட்டுப் பளபளவென்று ஆவது வேறு. இரண்டாவதை அன்றே காட்டுங்கள். அப்படிப் புடைத்த இடத்தில் ஊசி போட்டு ரத்தத்தை உறிஞ்சி எடுக்கிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஊசி வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். வைத்த குழுவிடமே திரும்பிப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் நீலத்தைப் பார்த்துப் பயந்து தாங்களாக மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து.

கிருமித் தொற்றுக்கு அடையாளங்கள்: நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடுவது, சூடு, விரியும் சிவப்பு, கசிவு, காய்ச்சல், குளிர் நடுக்கம். இது முதல் மாதத்தோடு முடிந்துவிடும் கதை அன்று. ஒரு வருடம் கழித்தும் வரலாம். அப்போது பெரும்பாலும் காய்ச்சல்கூட இருக்காது. கருவிக்கு மேலுள்ள தோல் மெலிந்து, ஊதா நிறமாகி, கருவியோடு ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும். விரலால் மெல்ல நகர்த்திப் பார்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போகாவிட்டால் காட்டுங்கள். கருவியின் விளிம்பு வெளியே தெரிந்தால் அது அவசரம்.

இன்னொன்று: சிவந்திருக்கிறதே என்று பக்கத்தில் எங்காவது ஐந்து நாள் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள். மேலே அடங்கியது போலத் தெரியும், உள்ளே தொடரும். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையும், மருந்து முன்பே உள்ளே போயிருந்தால் சரியாகக் காட்டாது.

ஜனவரி 15

கருவியைத் தோலுக்கு மேலிருந்து பிடித்துத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் சிலருக்குத் தன்னை அறியாமலே வந்துவிடும். கருவி உள்ளே புரண்டால் லீட் அதைச் சுற்றிக்கொண்டு இதயத்திலிருந்தே வெளியே வந்துவிடும். நேற்றுச் சொன்ன "மெல்ல நகர்த்திப் பார்ப்பது" தோலை மட்டும், அதுவும் காயம் ஆறிய பிறகு, எப்போதாவது.

ஜனவரி 19

ஆக்சிமீட்டர். நிறையப் பேரின் தூக்கத்தைக் கெடுப்பது இந்தச் சின்னப் பெட்டிதான்.

பேஸ்மேக்கருக்கு ஒரு கீழ் எல்லை வைத்திருப்பார்கள், பெரும்பாலும் நிமிடத்துக்கு 60. உங்கள் இதயம் அதற்குக் கீழே போனால் கருவி துடிக்கவைக்கும். அப்படியானால் திரையில் 38 எப்படி வருகிறது? விரலில் மாட்டும் கருவி இதயத்தின் மின்துடிப்பை எண்ணுவதில்லை; விரலுக்கு வந்து சேரும் ரத்த அலையை எண்ணுகிறது. இடையில் முந்திக்கொண்டு ஒரு துடிப்பு வந்தால், இதயம் நிரம்புவதற்குள் அது சுருங்கிவிடும். அலை விரல் வரை எட்டாது. ஒன்று விட்டு ஒன்று அப்படி வந்தால், உள்ளே 76 இருக்க, வெளியே 38 என்று காட்டும். வீட்டு பிபி மெஷினும் இதே தவறைச் செய்யும். கை குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும், கை நடுங்கினாலும் எண் தாறுமாறாகும்.

சரியாகப் பார்க்கும் முறை: ஐந்து நிமிடம் உட்காருங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து, கடிகாரம் பார்த்து முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது விட்டுவிட்டு வரும் துடிப்புக்கு உதவாது. எண் கீழ் எல்லைக்குக் குறைவு, ஆனால் உடம்பு வழக்கம்போல இருக்கிறது என்றால், ஓரிரு நாளில் ஒரு ஈசிஜி எடுத்துக் காட்டுங்கள். விடை அதில் கிடைத்துவிடும். எண் குறைவு, கூடவே தலைசுற்றல், கண் இருட்டல், மூச்சு முட்டல், மயக்கம் என்றால் உடனே அவசரப் பிரிவு.

ஜனவரி 20

மேலே சொன்னதோடு சேர்த்துப் படிக்க: எல்லோருக்கும் கீழ் எல்லை 60 இல்லை. இரவில் மட்டும் 50-க்கு இறங்கும்படி வைத்திருக்கலாம். உங்கள் இதயத்தின் சொந்தத் துடிப்புக்கு இன்னும் கொஞ்சம் வாய்ப்புக் கொடுக்க, 50 வரை காத்திருந்துவிட்டு 60-இல் தொடங்கும்படியும் அமைக்கலாம். இன்னொரு வகை, கீழறையைத் தேவையில்லாமல் தூண்டாமல் இருக்க, எப்போதாவது ஒரு துடிப்பு தவறுவதை அனுமதிக்கும். இவை எல்லாம் கோளாறு அல்ல, வேண்டுமென்றே வைத்தவை. ஆகவே அடுத்த செக்கப்பில் இந்த நான்கையும் கேட்டு எழுதி வாங்குங்கள்: கீழ் எல்லை எத்தனை, இரவு எல்லை தனியாக உண்டா, மேல் எல்லை எத்தனை, எந்த மோடு.

மோடு எழுத்துகள் புரியாமல் திகைப்பவர்களுக்கு: டிடிடி என்றால் மேலறை, கீழறை இரண்டையும் கவனித்து இரண்டையும் தூண்டும். விவிஐ என்றால் கீழறை மட்டும். கடைசியில் ஆர் சேர்ந்தால், நீங்கள் நடக்கும்போது துடிப்பைத் தானாகக் கூட்டும் சென்சார் போட்டிருக்கிறது. பல கருவிகளில் அது உடல் அசைவை வைத்துத்தான் முடிவெடுக்கும். அதனால் குண்டும் குழியுமான சாலையில் வண்டியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் துடிப்பு ஏறும். சைக்கிளில் மேல் உடம்பு ஆடாமல் மிதித்தால் போதுமான அளவு ஏறாமல் மூச்சு வாங்கும். இரண்டையும் செக்கப்பில் சொன்னால் சென்சாரைக் கூட்டிக் குறைத்துவிடுவார்கள். கத்தி படாமல், வெளியிலிருந்தே.

எண் கூடுதலாக இருந்தால்? பேஸ்மேக்கர் மெதுவான துடிப்பைத்தான் தாங்கிப்பிடிக்கும். வேகமான துடிப்பை அது தடுக்காது. உட்கார்ந்திருக்கும்போதே 130, 140 என்று நீடித்தால் காட்டுங்கள். அதுபோல ரத்தக் குழாய் அடைப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இது மருந்தல்ல. பழைய மாத்திரைகளைத் தொடருங்கள். மார்பில் அழுத்தும் வலி வந்தால், "பேஸ்மேக்கர்தான் இருக்கிறதே" என்று இருந்துவிடாதீர்கள்.

ஜனவரி 27

வந்திருக்கும் கேள்விகள் இரண்டுக்கும் சேர்த்து.

"தினமும் ராத்திரி ஒரே நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து விழிப்பு வருகிறது." பல மாடல்கள் இரவில் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ளும். எத்தனை வோல்ட் கொடுத்தால் இதயம் பதில் சொல்கிறது என்று பார்க்க, சில விநாடி துடிப்பை மாற்றித் தூண்டும். பெரும்பாலோர் அதை உணர்வதில்லை, சிலர் உணர்வார்கள். விழித்ததும் கடிகாரத்தைப் பார்த்து மணி, நிமிடம் குறித்துவையுங்கள். மூன்று நான்கு இரவு ஒரே நேரம் வந்தால் அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். கருவிக்குள்ளும் கடிகாரம் உண்டு. செக்கப்பில் கருவியைப் படிக்கும் கணினியான புரோகிராமரின் திரையில் சோதனை நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, வேறு நேரத்துக்கு மாற்றவோ அணைக்கவோ முடியும். "ராத்திரியில் ஒரு மாதிரி இருக்கிறது" என்றால் தேட வழியில்லை, "இரவு 1.10" என்றால் தேட முடியும்.

"விக்கல் மாதிரி விலாவுக்குக் கீழே துள்ளுகிறது, இடப்பக்கம் படுத்தால் கூடுகிறது." தூண்டும் மின்சாரம், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தின் நரம்பையோ தசையையோ எட்டினால் இப்படி வரும். பல நேரம் வோல்ட்டைக் குறைத்தாலே நின்றுவிடும். ஆனால் லீட் இடம் மாறியதற்கோ, இதயச் சுவரைத் துளைத்ததற்கோ அடையாளமாகவும் இருக்கலாம். அதனால் செக்கப் நாள் வரை காத்திருக்காமல் மறுநாளே சொல்லுங்கள். மூச்சை இழுத்தால் குத்தும் மார்புவலியோ, மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் அன்றே. கை முழுவதும் வீங்கிக் கனத்தாலும் அன்றே. லீட் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம்.

பிப்ரவரி 2

பயத்தைப் பற்றியும் எழுத வேண்டும். உடம்பு ஆறி முடிந்த பிறகும் மனம் ஆறாமல் நிற்பது சாதாரணம். அதைக் கோழைத்தனம் என்று வீட்டார் ஒதுக்கக்கூடாது. மயங்கி விழுந்தவருக்கு மறுபடி விழுவோமோ என்ற பயம் இருக்கும். எதுவுமே தெரியாமல், ஈசிஜியை வைத்துக் கருவி பொருத்தப்பட்டவருக்கோ "நன்றாகத்தானே இருந்தேன்" என்ற கோபம் இருக்கும். இரண்டுக்கும் ஒரே ஆறுதல் வார்த்தை பொருந்தாது.

நாளெல்லாம் நாடியைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பயத்துக்குத் தீனி. பயத்தில் துடிப்பு ஏறும், ஏறிய எண்ணைப் பார்த்து இன்னும் பயம் வரும். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை என்று நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் தேதி, மணி, எண், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், உடம்பு எப்படி இருந்தது என்று ஒரு வரி. மற்ற நேரம் ஆக்சிமீட்டர் அலமாரியில் இருக்கட்டும்.

இடப்பக்கம் படுத்தால் துடிப்பு காதில் கேட்பது போல இருக்கிறது என்கிறார்கள். மெதுவாக அடித்துக்கொண்டிருந்த இதயம் ஒழுங்காக அடிக்கத் தொடங்கும்போது அது புதிதாகத் தெரியும். தவிர, அந்தப் பக்கம் படுத்தால் இதயம் மார்புச் சுவரை ஒட்டி வரும். ஒழுங்கான "டப் டப்" என்றால் மறுபக்கம் திரும்பிப் படுங்கள். காயம் வலிக்காத வரை எந்தப் பக்கம் படுத்தாலும் கருவிக்குக் கெடுதல் இல்லை.

நடையைத் தள்ளிப்போடாதீர்கள். வீடு வந்த மறுநாளே சமதரையில் பத்து நிமிடம், காலையும் மாலையும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள். தாம்பத்திய உறவுக்கு, உடம்பு இதமாக உணர்ந்தால் தடை இல்லை. அந்தக் கை உடல் பாரத்தைத் தாங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இதை மருத்துவரிடம் கேட்க வெட்கப்பட்டு மாதக்கணக்கில் விலகியிருக்கும் தம்பதிகள் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, வெளியே போகவே அச்சம் என்று நீடித்தால் அதையும் ஒரு நோய்க்குறியாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள். இதய மறுவாழ்வுப் பயிற்சி இருக்கும் இடமென்றால் கேட்டுச் சேருங்கள். கண்காணிப்பின் கீழ் ஒரு முறை மூச்சு வாங்க நடந்து பார்த்தாலே பாதிப் பயம் போகும்.

பிப்ரவரி 3

"பேஸ்மேக்கர் வைத்தும் தலை சுற்றுகிறதே, அப்படியானால் கருவி வேலை செய்யவில்லையா?" பல நேரம் காரணம் ரத்த அழுத்தம். படுத்து ஐந்து நிமிடம் கழித்து பிபி பாருங்கள். எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், எழும்போது ரத்தம் காலுக்குப் போய்விடுகிறது. துடிப்பு ஒழுங்காக இருந்தும் இது வரும். மாத்திரை அளவு, தண்ணீர், மெதுவாக எழுந்திருப்பது இவைதான் தீர்வு. கருவியையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள், சந்தேகம் தீரும்.

விவிஐ வைத்தவர்களுக்குக் கழுத்தில் "துடிதுடி" என்று அடிப்பதோடு அயர்ச்சியும் தலைசுற்றலும் இருந்தால் அது வேறு: மேலறையும் கீழறையும் ஒத்துப்போகாமல், மூடிய வால்வுக்கு எதிராக மேலறை சுருங்குகிறது. அதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். சரிசெய்ய வழி உண்டு.

பிப்ரவரி 16

வீட்டுச் சாமான்கள். மைக்ரோவேவ், டிவி, மிக்ஸி, ஃபேன், வைஃபை எதற்கும் பயம் வேண்டாம். தூரம் பார்க்க வேண்டியவை சில.

செல்போன், வயர்லெஸ் இயர்போன் பெட்டி, காந்தம் வைத்த சார்ஜர், காந்தக் கொக்கி உள்ள பை, காந்தப் பெயர் அட்டை இவையெல்லாம் கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது போதும். அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2021-இல் வெளியிட்ட அறிவுரையும் இதே தூரம்தான். சட்டைப்பையில் போன் வைக்காதீர்கள். மறுபக்கக் காதில் பேசுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து 60 செ.மீ. விலகி நில்லுங்கள். கடை வாசலில் இருக்கும் திருட்டுத் தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே நேராக நடந்து போய்விடலாம், அதில் சாய்ந்து நின்று பேச வேண்டாம். விமான நிலையத்தில் பேஸ்மேக்கர் அடையாள அட்டையைக் காட்டுங்கள். கையில் பிடித்துச் சோதிக்கும் கருவியை மார்பின் மேல் நிறுத்தி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உடம்புக் கொழுப்பைக் காட்டும் எடைமெஷின் உடலுக்குள் மின்சாரம் விட்டு அளப்பது. அதைத் தவிர்த்து, சாதா எடைமெஷின் பயன்படுத்துங்கள்.

வண்டி ஓட்டுவதற்கு நாட்டுக்கு நாடு விதி வேறு, சொந்த வண்டிக்கும் பேருந்து, லாரிக்கும் வேறு. சீட் பெல்ட் காயத்தில் உரசினால் நடுவில் மெத்தென்ற துணி வையுங்கள். பெல்ட் போடாமல் போகாதீர்கள்.

பிப்ரவரி 17

"காந்தம் பட்டால் கருவி நின்றுவிடுமா?" நிற்காது. பெரும்பாலான பேஸ்மேக்கர்கள் வலுவான காந்தம் அருகில் வந்தால், இதயத்தைக் கவனிப்பதை விட்டுவிட்டு, ஒரே சீரான வேகத்தில் தூண்டிக்கொண்டே இருக்கும். காந்தத்தை எடுத்ததும் பழையபடி ஆகிவிடும். அதனால் தெரியாமல் போன் பட்டுவிட்டால் நகர்த்தினால் முடிந்தது. எலெக்ட்ரிக் ஷாக் கொடுக்கும் ஐசிடி கருவிக்கு இது பொருந்தாது: அதில் காந்தம் பட்டால் ஷாக் சிகிச்சையே தற்காலிகமாக நிற்கலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, "திடீரென்று ஷாக் அடிக்குமா" என்று பயப்படுகிறவர்கள் ஏராளம். சாதா பேஸ்மேக்கர் ஷாக் அடிக்காது. உங்களுடையது எது என்று அட்டையில் இருக்கும்.

மார்ச் 1

ஸ்கேன்களைப் பற்றி. எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், எக்கோ, சிடி இவற்றுக்குத் தடையில்லை. எம்ஆர்ஐக்கு இரண்டு கேள்வி: கருவியும் லீட்டும் இரண்டுமே எம்ஆர்ஐக்கு ஏற்றவையா? வைத்து ஆறு வாரம் ஆயிற்றா? கருவி மட்டும் ஏற்றது, லீட் பழையது என்றால் அந்தத் தொகுப்பு "ஏற்றது" கணக்கில் வராது. ஸ்கேனுக்கு முன் எம்ஆர்ஐ மோடுக்கு மாற்றி, முடிந்ததும் பழைய அமைப்புக்குத் திருப்ப வேண்டும். திருப்பினார்களா என்று கேட்காமல் கிளம்பாதீர்கள்.

பிசியோதெரபியில் மின்காந்த அலையால் உடம்புக்குள் சூடேற்றும் ஷார்ட்வேவ் டயாதெர்மி கூடவே கூடாது. வலிக்குத் தோல் வழியாக மின்சாரம் விடும் டென்ஸ் மெஷின் கேட்டுவிட்டுத்தான். வேறு அறுவை சிகிச்சை என்றால், ரத்தக்குழாயைச் சுட்டு மூடும் மின்கருவி பேஸ்மேக்கரைக் குழப்பும் என்பதால், தேதி குறிக்கும்போதே சொல்லுங்கள். கதிர்வீச்சு சிகிச்சை என்றாலும் திட்டமிடும் நாளிலேயே. பல் சுத்தம் செய்ய, பேஸ்மேக்கருக்காக மட்டும் முன்கூட்டி ஆன்டிபயாடிக் தேவையில்லை.

ஏப்ரல் 9

மூன்றாம் மாதச் செக்கப்புக்குப் போகிறவர்கள் கவனிக்க. முதல் சோதனையில் "பேட்டரி 6 வருடம்" என்று திரையில் பார்த்து மனம் உடைந்து போகிறார்கள். லீட் நுனியைப் புதிதாகத் திருகிய இடத்தில் தசை வீங்கியிருக்கும். தூண்ட அதிக வோல்ட் தேவைப்படலாம் என்று தொடக்கத்தில் 3.5 வோல்ட் அளவில் தாராளமாக வைப்பார்கள். வீக்கம் வடிந்ததும், உங்களுக்குத் தேவையானது 0.75 வோல்ட் என்று தெரிந்தால், பாதுகாப்பு இடைவெளி விட்டு 2 அல்லது 2.5-க்குக் குறைப்பார்கள். செலவாகும் ஆற்றல் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 3.5-இலிருந்து 2.5-க்கு இறங்கினால் ஒவ்வொரு தூண்டலுக்கும் ஏறக்குறைய பாதிதான். கருவியின் சொந்தச் சர்க்யூட் செலவு அப்படியே இருக்கும் என்பதால் ஆயுள் இரட்டிப்பாகாது. ஆனாலும் கணிசமாகக் கூடும். ஆகவே இந்தச் செக்கப்பைத் தவறவிட்டால், தேவையில்லாத வோல்ட்டில் பேட்டரி கரைந்துகொண்டிருக்கும்.

பேட்டரி திடீரென்று செத்துப்போகாது. தீரும் நிலைக்குப் பல மாதம் முன்பே "மாற்று" என்ற குறி காட்டும். மாற்றுவது கருவியை மட்டும். லீட் நன்றாக இருந்தால் அதே லீட்டில் புதிதை மாட்டிவிடுவார்கள்.

லீட்டின் மின்தடை அளவையும் கேளுங்கள். எண் என்ன என்பதைவிட, போன தடவையோடு ஒத்துப்போகிறதா என்பது முக்கியம். சட்டென்று எகிறினால் உள்ளே கம்பி விரிசல் அல்லது கருவியோடு சேரும் திருகு தளர்வு. சட்டென்று விழுந்தால் மேலுறை கிழிசல். ஜிம்மில் பாரத்தைத் தலைக்கு மேல் தூக்குபவர்களுக்கு, காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் லீட் நசுங்கி இப்படி ஆகலாம். பாரப் பயிற்சிக்குத் திரும்புமுன் இதைப் பேசிவிடுங்கள்.

ஏப்ரல் 12

"இதோடு எத்தனை நாள் வாழ முடியும்" என்று கேட்டவருக்கு. உடலுக்குள் முழுதாக வைத்த முதல் பேஸ்மேக்கர், 1958 அக்டோபர் 8 அன்று சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு. கருவியைச் செய்தவர் ரூனே எல்ம்குவிஸ்ட், பொருத்தியவர் ஓக்கே சென்னிங். அந்தக் கருவி சில மணி நேரத்தில் நின்றுவிட்டது, வேறொன்று வைத்தார்கள். லார்சனுக்கு அப்போது வயது 43. அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை இருந்தார்; இறந்தது புற்றுநோயால். அன்றைய கருவிகளோடு ஒப்பிட இன்றைய கருவி எங்கோ இருக்கிறது.

மே 20

"கருவி 99 சதவீதம் தூண்டுகிறது என்று எழுதியிருக்கிறார்கள், என் இதயம் செத்துவிட்டதா?" இல்லை. மேலறையிலிருந்து கீழறைக்குச் செய்தி போகும் வழி அடைபட்டிருந்தால் கீழறைத் தூண்டல் அவ்வளவு இருக்கும். சுருங்கி ரத்தத்தைத் தள்ளுவது உங்கள் தசைதான். ஆனால் கீழறைத் தூண்டல் அதிகம் உள்ளவர்களில் சிலருக்குக் காலப்போக்கில் இதயம் தள்ளும் திறன் குறையலாம். எப்போது எக்கோ எடுப்பது என்று கேட்டு வையுங்கள். கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டல், சில நாளில் இரண்டு மூன்று கிலோ எடை ஏற்றம் இருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

"மேலறையில் வேகத் துடிப்பு பதிவு" என்று வந்திருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேண்டுமா என்று நேராகக் கேளுங்கள். உங்களுக்கே தெரியாமல் வந்துபோன துடிப்பைக் கருவி பிடித்துக் காட்டுவது பெரிய உதவி.

ஜூலை 6

வீட்டார் தயங்கித் தயங்கிக் கேட்ட இரண்டு விஷயம்.

பேஸ்மேக்கர் உள்ளவர் மூச்சில்லாமல் விழுந்தால் மார்பை அழுத்தி முதலுதவி செய்யலாமா? கட்டாயம் செய்யுங்கள். தொட்டால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. நின்ற இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் ஏஇடி கருவியின் பட்டையைப் பேஸ்மேக்கர் மேட்டின் மீது ஒட்டாமல் 8 செ.மீ. தள்ளி ஒட்டுங்கள். இடம் தேடி நேரத்தை விட வேண்டாம்.

கடைசிக் காலத்தில் இந்தக் கருவி உயிரைப் பிடித்து இழுத்து அவஸ்தைப்படுத்துமா? இல்லை. தசைக்கு ஆக்சிஜன் கிடைக்காதபோது தூண்டலுக்கு அது பதில் சொல்லாது. கருவி துடிப்பு அனுப்பினாலும் இதயம் அமைதியாகிவிடும். ஆனால் தகனம் செய்வதென்றால் கருவியை முன்பே எடுத்துவிட வேண்டும், சூட்டில் பேட்டரி வெடிக்கும். மருத்துவமனையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். வீட்டில் ஒருவராவது இதைத் தெரிந்துவைத்திருங்கள்.

ஜூலை 7

தொடை வழியாக இதயத்துக்குள்ளேயே வைக்கும், லீட் இல்லாத சின்னக் கருவி வைத்தவர்களுக்கு மேலே உள்ள கைக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. அவர்கள் பார்க்க வேண்டியது தொடை இடுக்கு: சில நாள் பாரம் தூக்காமல், குந்தாமல் இருப்பது. ரத்தம் கசிந்தால் படுத்துக்கொண்டு விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்; நிற்காவிட்டாலோ, கட்டி பெரிதாகிக்கொண்டே போனாலோ ஆம்புலன்ஸ்.